செக்கடியில் பிறந்த தன்னம்பிக்கை

வெளியூர்க்காரர்களுக்கு வெள்ளகோவில் என்பது கோவை - கரூர் சாலையில் காங்கேயம் தாண்டி வரும் ஒரு ஊர், அவ்வளவு தான். உள்ளூர்க்காரர்களைக் கேட்டால் விசைத்தறி, எண்ணெய் மில், ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காய் வியாபாரம் என்று அடுக்குவார்கள். முருங்கை ஒரு வித்தியாசமான பயிர். ஒரு மாதம் கிலோ விலையைக் கேட்டால் வாங்குபவருக்கு மயக்கம் வரும். இன்னொரு மாதம் பறிக்கும் கூலிக்கே கட்டாமல் காயை மரத்திலேயே விட்டுவிடுவார்கள். தோட்டக்காரரின் உழைப்பு இரண்டு மாதமும் ஒன்று தான்!

இந்த மாதிரி ஊர்களில், முகூர்த்தம் இல்லாத நாட்களில் கல்யாண மண்டபங்களில் வேறொரு கூட்டம் நடக்கும். வாசலில் பேனர் இருக்கும். உள்ளே கோட்டும் டையும் போட்ட ஒருவர் மைக்கை எடுத்து "உங்களால் முடியுமா?" என்பார். "முடியும்!" என்று கூட்டம் கத்தும். "சத்தம் பத்தலையே" என்பார். இன்னும் பலமாகக் கத்துவார்கள். தறிப்பட்டறையில் சம்பளத்துக்கு இருப்பவர், டிகிரி முடித்து வீட்டில் இருக்கும் பெண், கடை போட்டு நஷ்டப்பட்டவர், கல்லூரி மாணவர்கள் என்று எல்லோரும் அதில் இருப்பார்கள். வெளியே வரும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் தெரியும். அது பொய்யான வெளிச்சம் என்று சொல்லிவிட முடியாது. பிரச்சினை அங்கே இல்லை.

இந்தப் பேச்சு நம்மூருக்கு எப்போது, எப்படி வந்தது? டிவியிலும் யூடியூபிலும் வந்தது என்று நினைத்தால் தவறு. அமெரிக்காவிலிருந்து நேற்று வந்தது என்பதும் சரியில்லை. இது தமிழுக்கு வந்து நூறு வருடங்களுக்கு மேல் ஆகிறது. வந்த இடங்களில் முக்கியமான ஒன்று கோயமுத்தூர் மத்திய சிறை!

ஆமாம், கப்பலோட்டிய தமிழன் வ.உ.சிதம்பரம் பிள்ளை செக்கிழுத்த அதே சிறை தான். 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை, அதாவது 40 வருடம், விதித்தார். மேல் முறையீட்டில் அது குறைந்தது. 1910 டிசம்பர் வரை கோவையிலும், அதன் பிறகு கண்ணனூரிலும் இருந்து, 1912 டிசம்பரில் விடுதலையானார். அவர் செக்கிழுத்த கதை பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தச் சிறைவாசத்தில் அவர் செய்த மொழிபெயர்ப்பு வேலையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1903-ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அதை வ.உ.சி. "மனம்போல வாழ்வு" என்ற பெயரில் தமிழாக்கினார். அது 1909-ல் வெளிவந்தது. அதாவது மொழிபெயர்த்தவர் கோவைச் சிறையில் கைதியாக இருந்த காலத்தில்! ஆலனின் வேறு நூல்கள் "அகமே புறம்" (1914), "வலிமைக்கு மார்க்கம்" (1916), "சாந்திக்கு மார்க்கம்" (1934) என்று பிறகு வந்தன. இன்றைக்கு ரயில் நிலையப் புத்தகக் கடையில் வரிசையாக அடுக்கியிருக்கும் 'எண்ணமே வாழ்க்கை' வகைப் புத்தகங்களுக்கெல்லாம் தமிழில் மூத்த அண்ணன் என்று இதைச் சொல்லலாம்.

ஆலன் சொல்வது சுருக்கமாக இது தான்: மனம் ஒரு தோட்டம், அதில் எதை விதைக்கிறோமோ அது முளைக்கும், எண்ணம் குணமாகும், குணம் சூழ்நிலையாகும். இதை எழுதியவர் ஒன்றும் பணக்காரர் இல்லை. அவருடைய அப்பா பிழைப்புத் தேடி அமெரிக்கா போய், போய்ச் சேர்ந்த ஓரிரு நாளிலேயே இறந்து போனார். பதினைந்து வயதில் படிப்பை விட்டு வேலைக்குப் போன பையன் தான் ஆலன். கடைசி வரை இங்கிலாந்தின் ஒரு கடலோர ஊரில் எளிமையாக வாழ்ந்து 1912-ல் இறந்தார். கோட் சூட் போட்டு மேடையேறி சத்தம் போட்டவர் இல்லை.

அப்படிப்பட்ட புத்தகம் ஒரு சிறைக் கைதியின் கையில் என்னவாக ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெளியே கம்பெனி போய்க்கொண்டிருக்கிறது. வக்கீல் தொழில் போய்விட்டது. மாடு இழுக்க வேண்டியதை மனிதன் இழுக்கிறான். அந்த நிலையில் 'சூழ்நிலை உன் கையில் இல்லாவிட்டாலும் மனம் உன் கையில் இருக்கிறது' என்ற வார்த்தை ஊன்றுகோல் மாதிரி. அதை யாரும் அவருக்கு விற்கவில்லை. அவரே தேடி எடுத்து, தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, பிறகு மற்றவர்களுக்கும் தமிழில் கொடுத்தார்.

ஆனால் வ.உ.சி.யின் வாழ்க்கையையே எடுத்துக்கொண்டால் 'எண்ணம் போல் வாழ்வு' என்ற கணக்கு உதைக்கிறது. காமர்ஸ் படிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

1906-ல் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்கு என்ன குறை? மூலதனம் பத்து லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். சாதாரண ஆட்களும் வாங்கட்டும் என்று வைத்த விலை. 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்கள் வந்தன. தூத்துக்குடி - கொழும்பு பாதையில் கூட்டமும் வந்தது. தன்னம்பிக்கைக்குப் பஞ்சமே இல்லை. அதுவரை அந்தப் பாதையை வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது. மேலும் குறைத்தது. கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுத்தது என்று சொல்வார்கள். நஷ்டத்தைத் தாங்கும் பணம் உள்ளவன், தாங்க முடியாத போட்டியாளனை விலையால் கொல்லும் பழைய தந்திரம் இது. அரசாங்கமும் அவர்கள் பக்கம் தான். வ.உ.சி. சிறையில் இருக்கும்போதே 1911-ல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது.

அந்தக் கம்பெனி மூழ்கியது வ.உ.சி.யின் எண்ணம் வலுவாக இல்லாததாலா? அப்படிச் சொல்ல யாருக்காவது வாய் வருமா?

இன்னொரு விஷயமும் இருக்கிறது. கைதாவதற்கு இரண்டு வாரம் முன்னால், 1908 பிப்ரவரி கடைசியில், தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. முன்னால் நின்றவர்களில் வ.உ.சி. முக்கியமானவர். கூலி உயர்வு, ஞாயிறு விடுமுறை போன்ற கோரிக்கைகள். ஒன்பது நாளில் தொழிலாளிகள் ஜெயித்தார்கள். அந்த நூற்பாலைக்காரர்களிடம் அவர் போய் "உங்கள் மனதை மாற்றிக்கொள்ளுங்கள், கூலி தானாக உயரும்" என்று சொல்லவில்லை. சேர்ந்து நில்லுங்கள் என்று சொன்னார். மனம்போல வாழ்வு என்று எழுதியவரும், வேலையை நிறுத்து என்று சொன்னவரும் ஒரே ஆள் தான். ஒன்று தனக்குச் சொல்லிக்கொண்டது. இன்னொன்று முதலாளியிடம் கேட்டு வாங்கியது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருந்தது.

விடுதலையான பிறகு அவரை வரவேற்க சிறை வாசலில் பெருங்கூட்டம் எதுவும் இல்லை. சென்னையில் மளிகை, மண்ணெண்ணெய் வியாபாரம் எல்லாம் செய்து பார்த்தார். கொஞ்ச காலம் இதே கோவையில் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். வாலஸ் என்ற நீதிபதியின் உதவியால் வக்கீல் உரிமை திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகப் பிள்ளைக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். கடைசி வரை கடன் அவரை விடவில்லை. 1936 நவம்பரில் காலமானார். (சுயமுன்னேற்றப் பேச்சாளர்கள் வ.உ.சி.யின் கப்பலோடு கதையை நிறுத்திக்கொள்வது ஏன் என்று இப்போது புரிகிறதா?)

திருக்குறளுக்கு உரை எழுதியவர் அவர். வள்ளுவர் ஊக்கமுடைமைக்கு ஒரு அதிகாரம் வைத்தார், ஆள்வினையுடைமைக்கு ஒரு அதிகாரம் வைத்தார். ஊழுக்கும் ஒரு அதிகாரம் வைத்தார். மேடைகளில் முதல் இரண்டு மட்டும் தான் ஓடும்.

சரி, ஆலனுக்கும் முன்னால் போவோம். சுயமுன்னேற்றம் என்ற வகைக்கே ஆங்கிலத்தில் பெயர் கொடுத்தது சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய 'செல்ஃப் ஹெல்ப்'. வெளிவந்த வருடம் 1859. டார்வினின் புகழ்பெற்ற புத்தகமும் அதே வருடம் தான். அந்தப் புத்தகம் பிறந்த விதம் சுவாரசியமானது. லீட்ஸ் நகரத்தில் சில ஏழை இளைஞர்கள் மாலையில் கூடி, தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுப்பது என்று தொடங்கினார்கள். கூட்டம் நூறு பேர் வரை பெருகியது. இடம் வேண்டுமே? முன்பு காலரா நோயாளிகளை வைத்திருந்த ஒரு பாழடைந்த கூடத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். நோய்க்குப் பயந்து வேறு யாரும் அதைக் கேட்கவில்லை! அங்கே பேச அழைக்கப்பட்டவர் தான் ஸ்மைல்ஸ். அந்தப் பேச்சுகள் தான் புத்தகமாயின. அதாவது 'தன் கையே தனக்குதவி' என்ற தத்துவமே, ஒருவருக்கொருவர் கைகொடுத்த ஒரு கூட்டத்தில் பிறந்தது. புத்தகத்தின் தலைப்பைப் பார்த்து சுயநலத்தைப் பாராட்டுவதாக ஜனங்கள் நினைக்கிறார்கள் என்று ஸ்மைல்ஸே பிற்பாடு வருத்தப்பட்டு முன்னுரையில் எழுதினார்.

அமெரிக்காவுக்குப் போனதும் சரக்கு மாறியது. நெப்போலியன் ஹில் 1937-ல் எழுதிய 'திங்க் அண்ட் க்ரோ ரிச்' நினைத்தால் பணக்காரன் ஆகலாம் என்றது. கோடீஸ்வரர் ஆண்ட்ரூ கார்னகி 1908-ல் தன்னை அழைத்து வெற்றியின் ரகசியத்தைத் தொகுக்கச் சொன்னதாக ஹில் சொல்லிக்கொண்டார். அவர் வாய்ச்சொல்லைத் தவிர இதற்கு வேறு சாட்சி கிடைக்கவில்லை. கவனித்தீர்களா, அதே 1908! ஒருவர் செக்கிழுத்துக்கொண்டே தன் மனதைக் காப்பாற்ற ஒரு புத்தகத்தைத் தேடிய சமயத்தில், இன்னொருவரின் வியாபாரக் கதை அங்கே தொடங்குகிறது.

தமிழில் இந்த வகையை நிலைநிறுத்தியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் தொண்டியில் பிறந்த அப்துற் றஹீம். 1940களின் இறுதியிலிருந்து ஒன்றன் பின் ஒன்றாக எழுதித் தள்ளினார். நூலகத்தில் அட்டை கிழிந்து நிற்கும் அவர் புத்தகங்களைப் படித்து வேலைக்குப் போன தலைமுறை ஒன்று உண்டு. அடுத்து எம்.எஸ்.உதயமூர்த்தி. அமெரிக்காவில் பேராசிரியராகவும் தொழிலதிபராகவும் இருந்து திரும்பியவர். அவருடைய 'எண்ணங்கள்' புத்தகம் இல்லாத வாடகை நூலகம் அந்தக் காலத்தில் கிடையாது. 1988-ல் பாலசந்தர் எடுத்த 'உன்னால் முடியும் தம்பி' படத்தின் தலைப்பும் இவருடையது தான், அதில் கமலுக்கு வைத்த பெயரும் உதயமூர்த்தி தான். அதே வருடம் அவர் மக்கள் சக்தி இயக்கம் தொடங்கினார். நதிநீர் இணைப்பு, கிராம வளர்ச்சி என்று பேச ஆரம்பித்தார். 'உன்னால் முடியும்' என்றவர் 'நம்மால் முடியும்' என்று போனார். இந்த ஒருமை பன்மை மாற்றம் சின்ன விஷயம் இல்லை. துரதிர்ஷ்டவசமாக மேடைகள் எடுத்துக்கொண்டது முதலாவதை மட்டும் தான்.

கோவைக்கு இதில் ஒரு தனி இடம் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் இல.செ.கந்தசாமி தொடங்கிய 'தன்னம்பிக்கை' மாத இதழ் இங்கிருந்து தான் வந்தது. பயிருக்கு உரம் எவ்வளவு என்று தமிழில் எழுதவைத்தவர்கள், மனதுக்கு உரம் எவ்வளவு என்றும் எழுதினார்கள்! பக்கத்திலேயே ஆழியாறில் வேதாத்திரி மகரிஷியின் அறிவுத்திருக்கோயில். 'வாழ்க வளமுடன்' என்ற ஸ்டிக்கர் ஒட்டாத காரைக் கொங்கு நாட்டில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஏன் இங்கே இவ்வளவு ஈர்ப்பு? காரணம் கண் முன்னாலேயே இருக்கிறது. தறி ஓட்டியவர் தறி முதலாளி ஆனதை இந்த மக்கள் பார்த்திருக்கிறார்கள். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைத்தவர் ஏற்றுமதியாளர் ஆனதைப் பார்த்திருக்கிறார்கள். வேறு ஊரில் இது கதை, இங்கே பக்கத்து வீடு. அதனால் 'உன்னால் முடியும்' என்று யாராவது சொன்னால் நம்பாமல் இருக்க முடியாது.

ஷரத் சாரி என்ற ஆய்வாளர் திருப்பூரில் தங்கி ஆராய்ந்து 2004-ல் 'ஃபிராடர்னல் கேபிடல்' என்ற புத்தகம் எழுதினார். நீங்கள் எப்படி முன்னேறினீர்கள் என்று முதலாளிகளைக் கேட்டால் திரும்பத் திரும்ப வந்த ஒரே சொல் 'உழைப்பு'. அவர்கள் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே ராப்பகலாக உழைத்தவர்கள். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை விஷயம் ஒளிந்திருக்கிறது என்று புத்தகம் காட்டுகிறது. விவசாயக் குடும்பத்துப் பின்புலம், சொந்தபந்தத்துக்குள் கிடைத்த கூட்டாளிகள், சாதி வழியாக வந்த நம்பிக்கை, குறைந்த கூலிக்கு வேலை செய்த ஆட்கள்... அதே பட்டறையில் அதே அளவு உழைத்து, இந்தப் பின்புலம் இல்லாததால் தொழிலாளியாகவே நின்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களை எந்த மண்டபத்திலும் மேடையேற்றிப் பேசச் சொல்வதில்லை.

ஜி.டி.நாயுடுவையே எடுத்துக்கொள்வோம். ஹோட்டலில் வேலை பார்த்து, சேர்த்த காசில் மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டிக் கற்றுக்கொண்டு, 1920-ல் பொள்ளாச்சி - பழனி பஸ் விட்டார் என்பது வரை எல்லாப் பேச்சாளருக்கும் மனப்பாடம். அந்த பஸ் வாங்க ஸ்டேன்ஸ் துரை கைகொடுத்தார் என்ற வரி மட்டும் பெரும்பாலும் விட்டுப்போகும். நாயுடு மேதை தான், சந்தேகமே இல்லை. மேதைக்கும் முதல் பஸ்ஸுக்குக் கடன் தேவைப்பட்டது. ஐந்தொகையில் மூலதனம் என்று ஒரு பக்கம் இருக்கிறதே, அதை மறைத்துவிட்டு லாபத்தை மட்டும் படித்துக் காட்டினால் எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போடுவாரா?

இதையெல்லாம் வைத்து எல்லாப் பயிற்சியும் ஏமாற்று என்று முடிவு கட்டவும் கூடாது. முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கும் பையனுக்கு வீட்டில் 'இன்டர்வியூவில் இப்படி உட்கார், இப்படிப் பேசு' என்று சொல்ல ஆள் கிடையாது. நாலு பேர் முன்னால் எழுந்து பேசக் கை நடுங்கும் பெண்ணுக்கு, ஒரு பயிலரங்கத்தில் முதல் தடவை மைக் பிடித்தது பெரிய விஷயம் தான். படித்த குடும்பத்தில் சாப்பாட்டு மேஜையிலேயே கிடைப்பதை இவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அதை நக்கலடிக்க யாருக்கும் உரிமை இல்லை.

கோளாறு தொடங்குவது, கைதட்டல் முடிந்த பிறகு ஒரு படிவம் நீட்டப்படும்போது.

1990களின் கடைசியில் வெளிநாட்டு நேரடி விற்பனை நிறுவனங்கள் இந்தியாவுக்கு வந்தன. அவற்றைப் பார்த்து உள்ளூரிலும் பல முளைத்தன. பொருள் விற்பதை விட ஆள் சேர்ப்பதில் தான் காசு என்ற வகைத் திட்டங்களுக்கு சுயமுன்னேற்ற மேடை மாதிரி வசதியான இடம் வேறில்லை. ஒரு சின்னக் கணக்கு போடலாம். நீங்கள் 6 பேரைச் சேர்க்க வேண்டும், அவர்கள் ஒவ்வொருவரும் 6 பேரை. முதல் படியில் 6, அடுத்து 36, 216, 1,296, 7,776. ஆறாவது படியில் 46,656 பேர். வெள்ளகோவில் நகராட்சியின் மக்கள்தொகையே 2011 கணக்கெடுப்புப்படி நாற்பதாயிரம் சொச்சம் தான்! தொட்டிலில் கிடக்கும் குழந்தையைச் சேர்த்தாலும் ஆறாவது படிக்கு ஆள் பத்தாது. பத்தாவது படியில் ஆறு கோடி. இதில் தோற்பவன் நம்பிக்கை இல்லாததால் தோற்பதில்லை. கூட்டல் பெருக்கலால் தோற்கிறான். ஆனால் மேடையில் அவனுக்குச் சொல்லப்படும் காரணம் 'உன் மைண்ட் செட் சரியில்லை' என்பது.

இதன் தம்பி தான் ஈமு கோழி. வெள்ளகோவிலிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பெருந்துறை தான் மையம். 2000களின் பிற்பகுதியில் தொடங்கி, சினிமா நட்சத்திரங்கள் விளம்பரம் செய்ய, விவசாயிகள் வரிசையில் நின்றார்கள். பரவலாக விளம்பரமான ஒரு திட்டம் இப்படி: ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சுகள், கொட்டகை, தீவனம், மாதம் 6,000 ரூபாய், வருடத்துக்கு 20,000 போனஸ், முடிவில் கட்டிய பணமும் திரும்ப. வருடத்துக்கு மொத்தம் 92,000. ஒன்றரை லட்சத்துக்கு 61 சதவீத வருமானம்! வங்கியில் எட்டோ ஒன்பதோ தான் தருகிறான், இவனுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்ற கேள்வியை விடுங்கள். ஈமு கறியை இங்கே யார் சாப்பிடுகிறார்கள் என்று கூடக் கேட்கவில்லை. புதிதாக வருபவர் பணம் தான் பழையவருக்கு மாதச் சம்பளம். 2012 ஆகஸ்டில் எல்லாம் சரிந்தது. நிறுவனத்தார் ஓடிவிட, பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசு தீவனம் போட வேண்டியதாயிற்று.

இதற்கு முன்பே திருப்பூரில் பாசி நிதி நிறுவனம். அன்னியச் செலாவணி வியாபாரம் என்று சொல்லி 2008, 2009 வாக்கில் 930 கோடி ரூபாய் வசூலித்த வழக்கு. கோவை நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் 27 வருட சிறைத் தண்டனை கொடுத்தது. தீர்ப்பு வர பதின்மூன்று வருடம்.

படித்தவர்களும், வரவு செலவில் ஒரு ரூபாய் விடாத வியாபாரிகளும் எப்படி விழுந்தார்கள்? பேராசை என்று ஒரே வார்த்தையில் முடிப்பது சுலபம். அது பாதி தான் உண்மை. மழை பொய்த்த தோட்டம், கரண்ட் இல்லாமல் நின்ற தறி, முருங்கை விலை மாதிரி ஏறி இறங்கும் வாழ்க்கை. அதில் 'மாதம் இவ்வளவு நிச்சயம்' என்ற சொல் எவ்வளவு ஆறுதல் என்பது மாதச் சம்பளக்காரர்களுக்குப் புரியாது. அதற்கு மேல், சந்தேகப்படுவதே தோல்வி மனப்பான்மை என்று வருடக்கணக்கில் மேடைகளில் கேட்டுப் பழகிவிட்ட காது. 'நெகட்டிவாப் பேசாதீங்க' என்ற ஒரு வாக்கியம் போதும், கணக்குக் கேட்கும் வாயை அடைக்க. வீட்டில் கேள்வி கேட்ட மனைவியோ மாமனாரோ தான் முன்னேற்றத்துக்குத் தடையாகத் தெரிந்தார்கள்.

கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் இன்னொருவருடன் சேர்ந்து ஜெர்மனியில் செய்து 2002-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே பொருந்தும். படிப்பு முடித்து வேலை தேடுபவர்களை எடுத்துக்கொண்டார்கள். நல்ல வேலையில் இருப்பதாக இன்பக் கனவு அதிகம் கண்டவர்கள், இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் குறைவான விண்ணப்பம் போட்டு, குறைவான வாய்ப்பு பெற்று, சம்பளமும் குறைவாகவே வாங்கினார்கள். அதே சமயம், தன் பழைய அனுபவத்தை வைத்து 'கிடைக்கும்' என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாகவே வந்தார்கள். கனவு வேறு, எதிர்பார்ப்பு வேறு. பிளேஸ்மெண்ட்டுக்கு முன் கண்ணை மூடி 'நான் வேலையில் சேர்ந்துவிட்டேன்' என்று சொல்லச் சொல்லும் பயிற்சிகளில் உட்கார்ந்திருக்கும் வகுப்புத் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம் :)

சட்டம் இல்லாமல் இல்லை. பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்து 1978-லேயே மத்தியச் சட்டம் வந்தது. முதலீட்டாளர் நலனுக்காக 1997-ல் தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டது. 2021-ல் நேரடி விற்பனை விதிகள் பிரமிட் திட்டங்களைத் தடுத்தன. இவை பணத்தைப் பற்றியவை. ஐம்பது வயதில் நிலத்தை அடமானம் வைத்துக் கட்டியவர், எல்லாம் போன பிறகு 'தப்பு என் மேல தான், நான் முழு மனசோட நம்பலை' என்று நினைத்துக்கொள்கிறாரே, அதற்கு எந்தச் சட்டத்தில் புகார் கொடுப்பது? போலீசுக்குப் போகாமல் இருந்தவர்கள் பலர் வெட்கத்தால் தான் போகவில்லை. தோல்விக்குத் தானே முழுப் பொறுப்பு என்று நம்பவைக்கப்பட்டவன் யார் மேல் புகார் கொடுப்பான்?

வ.உ.சி. அப்படி நினைக்கவில்லை. சிறையில் ஆலனை மொழிபெயர்த்தவர் தான், தன்னையும் தன் கம்பெனியையும் யார் எப்படி ஒழித்தார்கள் என்பதைத் தன் சுயசரிதையில் செய்யுளாகவே எழுதிவைத்தார். மனதைத் திடமாக வைத்துக்கொள்வதும், எதிரியின் பெயரைச் சொல்வதும் அவருக்கு ஒன்றோடொன்று முட்டவில்லை. அவர் இழுத்த செக்கு கோவைச் சிறை வளாகத்தில் நினைவுச் சின்னமாக இருக்கிறது.

2024 ஜனவரி கடைசியில் கோவை நீலாம்பூர் பக்கம் புறவழிச்சாலை ஓரம் ஆயிரக்கணக்கான பேர் கூடினார்கள். செல்போனில் விளம்பரம் பார்த்தால் பணம் என்று சொன்ன ஒரு நிறுவனத்தின் மீது போலீஸ் வழக்கு. கூடியவர்கள் அதில் பணம் கட்டியவர்கள். பணத்தைத் திருப்பித் தா என்று கேட்க அவர்கள் வரவில்லை. நிறுவனத்துக்கு ஆதரவாக, வழக்குப் போடாதே என்று சொல்ல பல மாவட்டங்களிலிருந்து வண்டி பிடித்து வந்திருந்தார்கள்.